குதிரைப் படிகள்

சவப்பெட்டி சுழல்படியின் மூன்றாவது வளைவில் மாட்டிக்கொண்டது. மேலே இழுத்தால் தலைப்பக்கம் சுவரில் இடித்தது. கீழே தள்ளினால் கால்பக்கம் படியைக் கவ்வியது. உள்ளே ஆள் இல்லாத வெறும் பெட்டிக்கே இந்தப் பாடு.

“இதுல அவரையும் வச்சு இறக்கறது நடக்காத காரியம் அத்தை,” என்று கீழேயிருந்து தச்சர் மூச்சு வாங்கினார். அக்கம்பக்கத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அவள் அத்தைதான். சொந்த அத்தை என்று சொல்ல உரிமையுள்ள ஒரே ஆள், அண்ணன் மகன், மேல்படியில் பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி நின்றிருந்தான். பட்டணத்தில் பல் டாக்டர்.

“வெளியே எடுங்கப்பா. சுவரை வேற சுரண்டிக்கிட்டு,” என்றாள் அத்தை. நடவுக்கு ஆள் ஏவுகிற குரல் அது.

அண்ணன் நேற்றுச் சாயங்காலம் மாடி அறையில் போய்ச் சேர்ந்தார். கடைசி இரண்டு மாதமும் கீழே இறங்கமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். “இங்கே படுத்தா நாலு வயலும் தெரியுது. கீழே வந்தா உன் மூஞ்சி மட்டும்தான் தெரியும்,” என்பார்.

அது வீடாகக் கட்டப்பட்ட வீடு அல்ல, கேளுங்கள். எந்தக் காலத்திலோ ஒரு பெரிய மனிதர் வேட்டைக்கு வந்து தங்கக் கட்டிய மாளிகை. மாடி முழுக்கத் தூணும் உத்தரமும்தான், சுவர் என்பதே கிடையாது. விரட்டி வரும் மான்களை விருந்தாளிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பதற்காக அப்படி. பின்பக்கம், குதிரையை விட்டு இறங்காமலே மேலே வர, அகலமாகத் தாழ்வாகக் கல்படிகள். முன்பக்க உத்தரத்தில், அடித்த மானைத் தூக்கிக் கட்ட இரும்புக் கொக்கி. காடு வயலாகி, மாளிகை பண்ணை வீடாகி இவர்கள் கைக்கு வந்தபோது மாடியில் காற்றும் புறாவும்தான் குடியிருந்தன. அண்ணனும் தங்கையுமாகத் தூணுக்குத் தூண் செங்கல் வைத்து அடைத்தார்கள். ஏறி இறங்க, வேலைக்காரர்களுக்கென்று கட்டிய சுழல்படி போதும் என்று குதிரைப் படியின் வாசலையும் சேர்த்தே அடைத்தார்கள். இந்த வீட்டிலிருந்து ஒருநாள் யாராவது படுத்தபடியே வெளியே போகவேண்டியிருக்கும் என்று முப்பது வயதில் யாருக்குத் தோன்றும்?

“அத்தை, கோபப்படாதீங்க,” என்றான் மகன். “முன்னாடி கொக்கி இருக்கு, கயிறு இருக்கு. ஜன்னல் வழியா மெதுவா இறக்கிடலாம். அஞ்சு நிமிஷ வேலை.”

“அந்தக் கொக்கியில என்ன தொங்கிச்சுன்னு உனக்குத் தெரியும்ல?”

“அதெல்லாம் எப்பவோ...”

“உங்கப்பா என் கையைப் பிடிச்சுச் சொன்னது போன வாரம். மான் மாதிரி என்னைத் தொங்கவிட்டுடாதேன்னாரு. சரின்னேன்.”

“போர்வையில சுத்தி, தோள்ல போட்டு...” என்று தச்சர் ஆரம்பித்தார்.

“மூட்டையா அவரு? நாலு பேர் தோள்ல, நேரா, படி இறங்கிப் போவாரு.” குதிரைப் படியின் வாசலை அடைத்திருந்த மேற்குச் சுவரைக் காட்டினாள். “இதை உடைங்க.”

மகன், “மேல இருக்கற கூரை?” என்றான்.

“கூரையைத் தாங்குறது தூணு. இந்தச் செங்கல்லு சும்மா காத்துக்குத் தடுப்பு. வச்சவ நான் சொல்றேன்.”

தச்சர் தூணைத் தட்டிப் பார்த்தார். உத்தரம் பொருந்திய இடத்தை அண்ணாந்து பார்த்தார். “அத்தை சொல்றது சரிதான் தம்பி.”

“வலதுபக்கப் பாதி நான் கட்டினது,” என்றாள் அத்தை. “என் சாந்து பிஸ்கட் மாதிரின்னு நாப்பது வருஷமா குத்திக் காட்டினாரே, இன்னிக்கு உதவட்டும். என்னப்பா நிக்கிறே? அத்தனை பேர் பல்லைப் பிடுங்குற கைக்கு ஒரு செங்கல் பெரிசா?”

பால்காரரும் பக்கத்துப் பண்ணை ஆட்கள் இருவரும் பின்பக்கம் போய், குதிரைப் படியில் அடுக்கியிருந்த வைக்கோலை வாரி இறக்கினார்கள். மகன் சட்டைக்கையை மடித்தான். உளியை வைத்து, முக்காலியில் ஏறி, உத்தரத்தை ஒட்டிய மேல்வரிசைச் செங்கல் ஒன்றைச் சுற்றிக் கீறினான். அவள் சொன்னதுபோலவே சாந்து பொலபொலவென்று உதிர்ந்தது. அத்தைக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஆனால் கல் அசையவில்லை.

“உள்பக்கம் மாவா இருக்கு. வெளிப்பக்கம் இரும்பு மாதிரி பிடிச்சிருக்கு,” என்றான். அவசரப்படவில்லை. கல்லை இப்படி ஒரு நூல், அப்படி ஒரு நூல் என்று அசைத்து அசைத்து, அரைமணி நேரத்தில் முழுசாகக் கழற்றி அவள் கையில் கொடுத்தான்.

அத்தை அதைத் திருப்பிப் பார்த்தாள். ஒரே கல்லில் இரண்டு நிறச் சாந்து. உள்ளே அவளுடைய வெளுத்த சுண்ணாம்பு. வெளிப்பக்கம் இரண்டு விரல் ஆழத்துக்குக் கருஞ்சாம்பல் நிறத்தில், கரண்டியால் வழித்து மட்டமாக்கிய சிமெண்ட். அவள் வைத்ததில்லை அது.

கால் ஒடிந்து ஆறு வாரம் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த வருஷம்தான் அண்ணன் இதைப் பூசியிருக்க வேண்டும். திரும்பி வந்தபோது படி நிறைய வைக்கோல். “இடம் சும்மாதானே கிடக்கு, நானே அடுக்கிட்டேன்,” என்றார். அதன்பிறகு அங்கே வைக்கோல் அடுக்கும் வேலையை அவர் யாரிடமும் விட்டதில்லை. பிஸ்கட் சாந்து என்று கேலி பேசுவதையும் விட்டதில்லை.

“என்ன அத்தை?” என்றான் மகன்.

“ஒண்ணுமில்ல. அடுத்ததை எடு.” கல்லை ஜன்னல்திட்டில் வைத்தாள். “நிதானமா எடு. கஷ்டப்பட்டுப் பூசியிருக்கு.”

நடுப்பகல் தாண்டியபோது ஓர் ஆள் அகலத்துக்கு வெளிச்சம் விழுந்தது. பிறகு இரண்டு ஆள் அகலத்துக்கு. கூரை கூரையாகவே இருந்தது. பெட்டி அந்த வழியாக மேலே வந்து, அதே வழியாக நாலு தோளில் இறங்கியது. படிகள் அவ்வளவு தாழ்வு. யாருக்கும் குனிய வேண்டியிருக்கவில்லை, பெட்டி ஒருபக்கம்கூடச் சாயவில்லை. அத்தை முன்னால் நடந்தாள். “இடதுகால் பக்கம் பாசி இருக்கு, பார்த்து,” என்று சொல்லிக்கொண்டே போனாள்.

எல்லாம் முடித்துத் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. மகன் சுவரிலிருந்த ஓட்டையைப் பார்த்தான்.

“நாளைக்கு ஆள் வரச்சொல்லி அடைச்சிடட்டுமா?”

“கதவு போட்டுக்கலாம். தச்சர்கிட்ட அளவு எடுக்கச் சொல்லு.”

அவன் கீழே போனான். அத்தை அண்ணன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சேலையிலிருந்த வைக்கோலைப் பொறுக்கினாள். வெளியே ஒரு பழுப்புக் கோழி, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று, மேலே ஏறி வந்தது. வாசலில் தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தது. ஒரு காலை அறைக்குள் வைத்தது.

அவள் அதை விரட்டவில்லை.