நாலு நிமிடப் பாடம்

...நாலே நிமிடம்தானா, இந்த ஏழாவது பாடம் மொத்தமே நாலு நிமிடம்தானா, போன வருடம் இதையே கைப்பேசியில் ஓடவிட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாளே, கடைசியில் வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாய் அழுத்திப் பார்த்து, தப்பு என்று வந்தால் இன்னொன்றை அழுத்தி, நூற்றுக்கு நூறு வாங்கி, அந்த விடைகளைத் துண்டுச்சீட்டில் எழுதி, முதியோர் இல்லத்தில் கூட வேலை செய்கிற எட்டுப் பேருக்கும் பெருமையாய்க் கொடுத்தாளே... கெட்டிக்காரி என்று பெயர் வேறு.

இப்போது அந்தப் பராமரிப்புப் பயிற்சிச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டுமாம். போர்வைகள் அடுக்கிய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, இந்தத் தடவை கண்ணை எடுக்காமல் பார்க்கிறாள். வாத்தியார் செத்து இரண்டு மாதம் ஆகிறது. ஒன்பதாம் கட்டில்காரர், யார் என்ன பேசினாலும் திருத்துகிறவர், அதனால் அந்தப் பெயர். கழிவறை வாசலில் அவருக்குக் கால் மடங்கியபோது இவள் ஒரு கையைப் பிடித்து மேலே இழுத்தாள், மறு கையைக் கூட வேலை செய்கிற பாட்டுக்காரி பிடித்திருந்தாள்... விழாமல் தாங்கத்தானே இழுத்தாள்? மனிதர் திருகிக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்தார், இடுப்பு முறிந்தது, படுத்த படுக்கையாய் மூன்று வாரம், பிறகு அதுவும் இல்லை. விசாரிக்க வந்தவர்கள் சான்றிதழை வாங்கிப் பார்த்தார்கள். பாடமெல்லாம் முழுசா பாத்தீங்களா? பாத்தேன் சார். அவ்வளவுதான், போய்விட்டார்கள். உன்மேல தப்பில்ல என்று ஆளாளுக்குத் தேற்றினார்கள். அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: சாய்கிறவரை எப்படித் தாங்குவதென்று இந்தப் பாடத்தில் சொல்லியிருந்ததா, இல்லையா? சொல்லாமல் விட்டிருந்தால் போதும்...

சொல்லியிருக்கிறது. திரையில் ஒரு பெண், பதறாத குரல், சாய்கிறவரைத் தூக்காதீர்கள், ஒரு காலை முன்னே வையுங்கள், அவரை அணைத்து உங்கள் தொடை வழியாய் மெல்லச் சறுக்கித் தரையில் உட்காரவிடுங்கள், தலை மட்டும் பத்திரம்... பிறகு நிறுத்துகிறாள், எழுந்திருங்கள், கையில் கிடைத்ததை வைத்துச் செய்து பாருங்கள், நான் காத்திருக்கிறேன் என்கிறாள். சொன்னபடி காத்திருக்கவும் செய்கிறாள்! போன வருடமும் இப்படித்தான் நின்றிருப்பாள், துணி மடிக்கிறவளுக்காக. பாழாய்ப்போன பாடம், மோசமாகவாவது இருந்து தொலைத்திருக்கக் கூடாதா? எழுந்தாள். சுருட்டிய போர்வையை அணைத்துக் காலை முன்னே வைத்தாள், அது தொடை வழியாய் இறங்கித் தரையில் உட்கார்ந்தது. இரண்டாம் தடவை இன்னும் நன்றாக. அடிப்பாவி, இவ்வளவு சுலபமாய்க் கைக்கு வந்துவிட்டதே!

கதவைத் தள்ளிக்கொண்டு பாட்டுக்காரி தலையை நீட்டினாள், எப்போதும்போல் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி. "முடிச்சிட்டியா? விடைய அனுப்புடி, எல்லாரும் காத்துட்டு இருக்காங்க."

"இந்தத் தடவ நீங்களே பாருங்கக்கா. நல்லா சொல்லித் தர்றாங்க."

"போன வருஷமே பாத்தவதானே நீ? அப்ப ஒண்ணும் சொல்லலியே."

பேசாமல் இருந்திருக்கலாம். வாய் முந்திக்கொண்டது. "இப்பத்தான் பாத்தேன்..."

பாட்டுக்காரியின் முணுமுணுப்பு நின்றது. கீழே கிடந்த போர்வையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், திரும்ப ஓடத் தொடங்கிய பாடத்தை நின்றபடியே கடைசிவரை பார்த்தாள். அப்புறம் தன் வலது கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அப்ப... நானும்தானேடி இழுத்தேன்?"

இத்தனை நாளும் இழுத்தது தன் கை ஒன்றுதான் என்றல்லவா இவள் நினைத்துக்கொண்டிருந்தாள்...