ஈர உப்பைத் தூக்காத வாளி

பாலாவிச் சந்தியில் பதியுதீனின் வெல்டிங் பட்டறை வாசலில் இரண்டு வாளிகள் கிடந்தன. உழவியந்திரத்தின் முன்கரங்களில் பூட்டி மண்ணையும் உப்பையும் அள்ளும் இரும்பு வாளிகள் அவை. ஊரார் வாயில் பக்கெட். ஒன்று, இராசமணி இதுநாள்வரை தன் இயந்திரத்தில் பூட்டியிருந்த அளவு. மற்றது அதனினும் ஒன்றரை மடங்கு. வாய் அகன்று, வயிறு ஆழ்ந்து, உண்டது போதாமல் படுத்துவிட்ட பூதம் போலக் கிடந்தது. இராசமணி அதன் விளிம்பைக் காலால் தட்டிப் பார்த்தாள்.

"இது வேணும், பதியுதீன் நானா."

பதியுதீன் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தினார். "தங்கச்சி, அது தும்பு மில்காரங்க தேங்கா மட்டை அள்ளக் கேட்டுச் செஞ்ச சாமான். மட்டைக்குப் பாரமில்ல. நீங்க அள்ளுறது உப்பு."

"உப்பைத் தூக்காதோ?"

"வடிஞ்ச உப்பெண்டா தூக்கும். அண்டைக்கு வழிச்ச ஈர உப்பெண்டா ஏலாது. எருமை குளத்துல மூக்கக் குத்துற மாதிரி முன்னுக்குச் சாஞ்சி, பின் டயர் ரெண்டும் ஆகாசத்தப் பாக்கும்."

"அப்ப இதையே பூட்டுங்கோ."

"நான் சொன்னது புள்ளைக்கு வெளங்கல்ல போல."

"நல்லா விளங்கினது. ஈர உப்பைத் தூக்காத பக்கெட்தான் நான் தேடி வந்தது."

பதியுதீன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "தூக்குற பக்கெட் கேட்டுத்தான் எல்லாரும் வாறது. தூக்காத பக்கெட் கேட்டு வந்த மொத ஆள் நீங்கதான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா, அரைவாசி அள்ளினா ஈரத்தையும் தூக்குமே?"

"அதை மட்டும் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

அவர் சிரித்த சிரிப்பில் சந்தியில் நின்ற நாயொன்று எழுந்து தள்ளிப் படுத்தது.

வன்னியிலிருந்து போர் துரத்த வந்து, கடல்நீர் ஏரியான இந்தக் களப்பின் ஓரத்தில் ஒதுங்கியவள் இராசமணி. போர் முடிந்த பின்னும் அவள் திரும்பிப் போகவில்லை. பெண்ணொருத்தி ஓட்டும் இயந்திரத்துக்கு வேலை கொடுத்தது இந்தக் கரை முழுதிலும் ஒரே ஓர் உப்பளந்தான். அதன் முதலாளி சூசைப்பிள்ளை.

பாத்தியில் விளைந்த உப்பை வழித்து ஓரத்தில் குவித்தால், அதிலுள்ள கசப்புநீர் வடிந்து தீரும்வரை அதை யாரும் தொடலாகாது என்பது அங்கே தலைமுறைகள் காத்த நெறி. திருப்பாற்கடலைக் கடைந்தபோதும் அமுதுக்கு முன் நஞ்சுதானே எழுந்தது! அந்த நஞ்சை மிடற்றில் தாங்கி உலகைக் காக்க முன்னேசுவரத்து நாதன் இருந்தான். இந்த உப்பு போய்ச் சேரும் கருவாட்டுக்கு அப்படியொரு மிடறு கிடையாது. கசப்பு வடியாத உப்பில் இட்ட மீன் உலராது. நீர்விட்டு, நிறம் மாறி, நாவில் வைக்க முடியாததாகிவிடும்.

சூசைப்பிள்ளையோ ஈர உப்பு நிறைகூடும் என்று கண்டவர். போன பருவத்தில் காலையில் வழித்ததை மாலைக்குள் லொறியில் ஏற்றச் சொன்னார். இராசமணி தயங்கியபோது, "மெஷின் தூக்குது. உனக்கென்ன கதை?" என்றார். மெஷின் தூக்கத்தான் செய்தது. ஒரு மாதம் கழித்துக் கண்டக்குழியிலிருந்து யூஜீனியா என்னும் கருவாட்டுக்காரி வந்தாள். முதலாளி இருந்த பக்கம் அவள் திரும்பவேயில்லை. நேரே இராசமணி ஏறியிருந்த உழவியந்திரத்திடம் வந்து, நீர் சொட்டும் கட்டாமீன் கருவாடொன்றை அதன் மூக்கில் அறைந்தாள். "முதலாளியை எனக்குத் தெரியாது. அள்ளினது உன்ர கை!"

அன்று முதல் கெட்ட கருவாட்டுக்கு அந்தக் கரையில் 'இராசமணியின் உப்பு' என்று பெயர். இன்னுமொரு பருவம் இப்படிப் போனால் அந்தப் பெயர் அவளை எரித்த பின்பும் அழியாது. மறுத்தாலோ, பிழைப்பு இல்லை. ஆகவேதான் அவள் இரும்பைத் தேடிப் போனாள். தன் வாய் சொல்ல அஞ்சியதை அந்த அகன்ற வாய் சொல்லட்டும் என்று எண்ணினாள்.

தென்மேற்கிலிருந்து சோளகம் வீசிய ஆவணிக் காலையொன்றில் புதுப் பருவத்தின் முதற்குவியல் வெள்ளை வெளேரென எழுந்தது. அடியில் கசப்புநீர் எண்ணெய் போல் ஊர்ந்துகொண்டிருந்தது. லொறிச் சாரதி சாள்ஸ் வண்டியை வரம்பில் ஏற்றி நிறுத்தியிருந்தான். புதிய பக்கெட்டைக் கண்ட சூசைப்பிள்ளையின் முகம் மலர்ந்தது.

"ஆகா! இப்பதான் உனக்குப் புத்தி வந்திருக்கு. பத்து மணிக்கு முதலே லொறி நிரம்பிடும்!"

இராசமணி குவியலுக்குள் வாளியைச் செலுத்தி, நிறைத்து, நெம்புகோலை இழுத்தாள். இயந்திரம் முக்கியது. பின்சக்கரங்கள் மண்ணை விட்டு ஒரு சாண் எழுந்தன. வாளியை மெல்ல இறக்கினாள்.

"தூக்குதில்லை முதலாளி. ஈரம். வடியட்டும்."

சூசைப்பிள்ளை தாடியைச் சொறிந்தார். உப்பு வழிக்கும் பெண்கள் பலகைகளை ஊன்றி நின்று பார்த்தார்கள். அவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்புப் பரவியது.

"ஏன்டி, நான் என்ன நேற்றுப் பிறந்தவனே? அரைவாசி அள்ளு. தூக்கும்."

இரும்பு தன் பேச்சை முடித்துக்கொண்டது. எண்ணெய்க்குழாய் கசிகிறது, பிடி இறுகிவிட்டது என்று பொய்கள் அவள் நாநுனியில் வரிசையில் வந்து நின்றன. அவற்றுள் எதை எடுத்தாலும் நாளைக்கு வேறொன்று வேண்டும். இராசமணி இயந்திரத்தை அணைத்தாள். காற்றின் ஓசை மட்டும் மிஞ்சியது.

"ஓம், அரைவாசி அள்ளினால் தூக்கும்," என்றாள். "பின்னால பாரம் கட்டினால் முழுசாயும் தூக்கும். நான்தான் தூக்கமாட்டன்."

"உப்பு என்ர உப்படி!"

"உப்பு உங்கட. ஊரெல்லாம் சொல்லுற பேர் என்ர."

"பேரை வைச்சுக் கஞ்சி காய்ச்சு! நாளைக்கு வேற மெஷின் வரும். நீ இந்த வாசலை மிதிக்க ஏலாது."

"வெளியில போறதெண்டா இந்தக் குவியல் வடிஞ்ச பிறகு போறன்."

அவள் மறுபடி இயந்திரத்தைக் கிளப்பினாள். வாளியிலிருந்த உப்பைக் குவியலிலேயே கொட்டினாள். பின்னே நகர்ந்து, திரும்பி, லொறிக்கும் குவியலுக்கும் நடுவே, லொறியை நோக்கி, வரம்பை மறித்து வந்து நின்றாள். வாளியை இறக்கினாள். அதன் அகலம் வரம்பின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை சரியாகப் படிந்தது. இயந்திரத்தை அணைத்து, திறப்புச் சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டு ஆசனத்தில் அமர்ந்தாள்.

சாள்ஸ் தலையை வெளியே நீட்டினான். "முதலாளி, வெறும் லொறியை வைச்சு நான் என்ன செய்ய? ஆராவது ஒரு முடிவுக்கு வந்தாப் பிறகு ஃபோன்ல கோல் எடுங்கோ."

லொறி பின்னோக்கி ஊர்ந்தது. ஒடுங்கிய வரம்பில் அதற்கு வழிவிடச் சூசைப்பிள்ளை உடுத்திருந்த வெள்ளைச் சாரத்தோடு பாத்திச் சேற்றில் இறங்க வேண்டியதாயிற்று. வழிக்கும் பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டு, சிரிப்பை இருமலாக்கினாள். முழங்கால்வரை சேற்றோடு கரையேறிய அவர், தொலைபேசியைக் காதில் வைத்து, சிலாபத்தில் இருந்த எவனையோ உடனே இயந்திரத்தோடு வரும்படி கத்தினார்.

இராசமணி ஆசனத்தில் எழுந்து நின்றாள். சோளகம் அவள் சேலைத் தலைப்பைக் கொடி போல் இழுத்தது.

"முதலாளி!" என்று காற்றுக்கு மேலால் கூவினாள். "வாறவரிட்டச் சொல்லுங்கோ, வரம்பில ஆள் இருக்கெண்டு!"