அக்காள் மிதித்த முதுகு

சுப்பராயனுடைய முதுகு லேசுப்பட்ட முதுகில்லை, கண்ணுங்களா. மில்லில் துணி பேல் கட்டுகளைத் தூக்கித் தூக்கித் தேய்ந்த முதுகு. எண்பத்திரண்டாம் வருஷம் ஆஸ்பத்திரி டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பெண்டாட்டி தனத்தையும் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் சொன்னார்.

"எலும்பு தேஞ்சி நரம்பை நெருக்குது. ஐப்பசியில வந்து படுங்க. சர்க்கரையைக் குறைச்சி, ரத்தத்துக்கு ஆள் பாத்து, நிதானமா ஆபரேஷன் பண்ணிடலாம். அதுக்குள்ள ஒண்ணுக்கு அடைச்சாலோ, உட்கார்ற எடம் மரத்துப்போனாலோ அப்பவே ஓடியாந்துடணும்."

பெரிய மனுஷர் சும்மா போய்ப் படுத்துவிட முடியுமா? ஐப்பசியில் தீபாவளி. தையில் பொங்கல். மாசி மகத்துக்குக் கடலுக்கு வரும் சாமி, இவரைக் காணாமல் எந்தப் பக்கம் திரும்புவது என்று திண்டாடிப் போகுமே!

பங்குனியில் பாயை விட்டு எழ முடியவில்லை. நெல்லித்தோப்பிலிருந்து அவருடைய அக்கா ரஞ்சிதம் வந்து இறங்கினாள். ரஞ்சிதம் கால் முன்னால் வரப் பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுப்போகும் என்பார்கள். பெற்றவள் பட்ட பாட்டுக்கு, பேர் என்னவோ ரஞ்சிதத்துக்கு.

"அண்ணி, டாக்டரு நரம்புன்னாரு..." என்று இழுத்தாள் தனம்.

"உங்க டாக்டரு தலையால பொறந்தவருதானே? அவருக்கு இன்னா தெரியும்? குப்புறப் படுடா தம்பி!"

ரஞ்சிதம் ஒரு மூட்டை நெல்லுக்குக் குறையமாட்டாள். மூணு மிதி. மூணாவதில் சுப்பராயன் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஆயம்மா ஓடி வந்தாள். அப்புறம் சத்தமே இல்லை.

"வலி போயிடுச்சிக்கா!"

கேட்கணுமா? காபி வந்தது, வடை வந்தது. ஆயம்மா தன் வீட்டுக்காரர் முதுகுக்கும் சொல்லி வைத்தாள்.

சாயங்காலம்தான் தனத்துக்கு உறுத்தியது. இத்தனை காபி குடித்த மனுஷர் கொல்லைப் பக்கமே போகவில்லை. மடியில் சுடச்சுடக் கொட்டிய காபிக்கு 'ஸ்' என்றுகூடச் சொல்லவில்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

"வலியே இல்லாதவன் போனா சிரிப்பாங்கடி."

"நல்லா சிரிக்கட்டும்."

ரிக்‌ஷாவில் ஏற்றும்போதுதான் இடது கால் துணி மாதிரித் தொங்குவது தெரிந்தது.

டாக்டருக்குத் திட்டக்கூட நேரமில்லை. சர்க்கரை எகிறிக் கிடந்தது. வயிறு நிறைய வடை. ரத்தம் கொடுக்க ஆளில்லை. ஐப்பசியில் நிதானமாகச் செய்திருக்க வேண்டியதை அலறியடித்துக்கொண்டு செய்தார்கள். வராந்தாவில் ரஞ்சிதம் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நான் மிதிச்சி எளக்கி வெச்சேன், டாக்டருக்கு வேலை சுளுவாயிடுச்சி."

சில நாள் கழித்து, ஒண்ணுக்குப் போகப் போட்டிருந்த ட்யூபை எடுத்தார்கள். தானாக ஒண்ணுக்குப் போனார். அதற்கே தனம் கையெடுத்துக் கும்பிட்டாள். இனி கால்.

டாக்டர் குண்டூசி எடுத்தார். "கண்ணை மூடிக்குங்க." வலது பாதத்தில் குத்தினார்.

"ஐயோ!"

தனம் சிரித்துவிட்டாள். கல்யாணம் ஆன நாளாக அவர் பேசியதில் இவ்வளவு இனிப்பான பேச்சை அவள் கேட்டதில்லை.

டாக்டர் இடது பாதத்தில் குத்தினார். கொஞ்சம் மேலே குத்தினார். இன்னும் மேலே. தனத்தின் சிரிப்பு அப்படியே நின்றது.

"இன்னா டாக்டர்," என்றார் சுப்பராயன், கண்ணை இறுக்கி மூடியபடியே. "எவ்ளோ நேரம் இப்படியே இருக்கறது? குத்துங்க சீக்கிரம்."