பச்சை ஒயர்

மார்லீன் மரக்கரண்டியின் காம்பால் அப்பாவின் கிடார் ஆம்ப்ளிஃபயரில் இரண்டாவது வால்வைத் தட்டினாள். ஒன்றுமில்லை. மூன்றாவதைத் தட்டினாள். ஒலிபெருக்கியில் மந்தமாக ஒரு 'டொக்' வந்து அடங்கியது. கெட்டுப்போன வால்வாக இருந்தால் தட்டியவுடன் கணீரென்று மணி மாதிரி கேட்கும். இது வால்வு இல்லை. யாரும் எதையும் தொடாதபோதும், எண்ணெய்ச் சட்டியில் ஈர மீனைப் போட்டது போல ஒரு பொரியும் சத்தம் அந்த ஆம்ப்ளிஃபயரிலிருந்து நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.

இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்திருந்தாள். திறந்து கிடக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் உட்கார்ந்தால் ஒரு கை பாக்கெட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். இரண்டு கையையும் உள்ளே விட்டால் கரண்ட் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கும், நடுவில் இருப்பது நெஞ்சு. அவள் போட்டிருந்த கறுப்பு கவுனில் பாக்கெட் இல்லை. சாவு வீட்டுக்கென்று தைத்த துணியில் யார் பாக்கெட் வைப்பார்கள்?

"ஸ்கூல்ல பிரம்படி வாங்க நிக்கிற பிள்ள மாதிரி இருக்க" என்றான் லீனோ. அவள் தம்பி. அப்பாவின் கிடாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கதவோரம் நின்றான். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை எல்லாம் சரியாக இருந்தன, காலில் மட்டும் ரப்பர் செருப்பு. புது ஷூ கடிக்கிறதாம், சர்ச்சுக்குப் புறப்படும்போதுதான் போடுவானாம்.

அப்பா வென்சு கிரெக் ஏற்கெனவே சர்ச்சில் இருந்தார், மூடிய பெட்டிக்குள். கரும்பு அரவைக் காலம். வெட்டுவதற்கு முன் எங்கோ ஒரு கரும்புத் தோட்டத்தைக் கொளுத்தியிருந்தார்கள். கரிச்சருகு காற்றில் மிதந்து அவர்கள் இருந்த ஷெட்டின் வாசலில் இறங்கிக்கொண்டிருந்தது. பூசை முடிந்து, கல்லறை முடிந்து, மால்டாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் சங்க ஹாலில் எல்லோரும் கூடுவார்கள். அங்கே ஒரு வழக்கம். அப்பா வாசித்த பேண்டில் யார் செத்துப்போனாலும் அவருடைய வாத்தியத்தை அவருடைய ரத்தசொந்தம் ஒருவர் எடுத்து ஒரு பாட்டாவது வாசிக்க வேண்டும். அதுவரை ஒருவரும் டீக்கோப்பையைத் தொடமாட்டார்கள். மார்லீனுக்கு கிடார் வராது. டவுன்ஸ்வில்லில் டிவி ரிப்பேர்க் கடையில் வேலை, வாத்தியத்தின் வயிறுதான் தெரியும், வாய் தெரியாது. வாசிக்க வேண்டியவன் லீனோ.

அவன்தான் அப்பாவைக் கண்டெடுத்தவனும். அதை அவன் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லியிருந்தான். இப்போதும் சொல்லத் தொடங்கினான். அரவை மெஷின் ரிப்பேர் பார்த்துவிட்டு வரும் வழியில் எட்டிப் பார்த்தானாம். ஷெட்டுக்குள் ஒலிபெருக்கி ஊளையிட்டுக்கொண்டிருந்ததாம். அந்தச் சத்தம் தாங்காமல் முதலில் சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் அப்பாவைத் தொட்டானாம். ஆம்ப்ளிஃபயரோடு இணைத்து கிடார் சத்தத்தை எதிரொலிக்கவைக்கும் எக்கோ பெட்டியின் மேல் சாய்ந்தபடி கிடந்தார், கையில் ஏதோ ஒயர். டாக்டர் வந்து பார்த்துவிட்டு இருதயம் என்றார். முன்பே ஒருதரம் வந்ததுதானே. வேறு என்ன சொல்வார்?

"சுவிட்ச அணைக்காம ஓடிப் போய்ப் புடிச்சிருந்தா பொழச்சிருப்பாரோன்னு இருக்கு, மார்லி" என்றான்.

"இல்லடா. அப்படியெல்லாம் நினைக்காத."

அவன் தலையைக் குனிந்து கம்பிகளை வருடினான். பிறகு கையை உதறினான். "கம்பியத் தொட்டா விரல்ல எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கு. எனக்குத்தான் நடுக்கமோ என்னமோ."

மார்லீன் சட்டென்று நிமிர்ந்தாள். கிடாரைக் கழற்றிக் கீழே வைக்கச் சொன்னாள், செருப்பைக் கழற்றாமல், வேறு எதையும் தொடாமல். அவன் வைத்ததும் ஹாலுக்கு ஐஸ் வாங்கினார்களா, நாற்காலி போதுமா என்று பார்த்து வரத் துரத்தினாள். அக்கா சாவு வீட்டில் அதிகாரம் பண்ணுகிறாள் என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் போனான்.

வண்டிச் சத்தம் தெருமுனையில் மறைந்த பிறகு, அப்பாவின் டப்பாவிலிருந்து டெஸ்டரை எடுத்து ஆம்ப்ளிஃபயரின் உலோகச் சட்டத்தில் வைத்தாள். டெஸ்டர் சிவப்பாக எரிந்தது.

சட்டத்தில் கரண்ட் இருக்கக் கூடாது. வழிதவறி வந்தாலும் பச்சை ஒயர் அதை மண்ணுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும், மீறினால் ஃபியூஸ் போகும். அதற்குத்தான் பிளக்கில் மூன்றாவது கால். அவள் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி மூடியைத் திறந்தாள். பச்சை ஒயர் நறுக்கப்பட்டிருந்தது. முனையை மடித்து, சிவப்பு டேப்பால் சுத்தமாகச் சுற்றியிருந்தது. அந்த டேப் அவளுக்குத் தெரியும். லீனோவின் லாரியில் உருளை உருளையாகக் கிடக்கும்.

எந்த ஊர் பேண்டிலும் பையன்கள் செய்கிற காரியம்தான் இது. எர்த் உள்ள இரண்டு பெட்டிகளைச் சேர்த்துக் கட்டினால் வண்டு ரீங்கரிக்கிற மாதிரி ஓர் இரைச்சல் வரும். ஒன்றில் எர்த்தை வெட்டினால் இரைச்சல் போய்விடும். வெட்டியவர்களில் பெரும்பாலோர் பல் விழுந்து கிழவர்களாகித்தான் சாகிறார்கள். ஆனால் இந்தப் பெட்டிக்குள், மெயின் ஒயருக்கும் சட்டத்துக்கும் நடுவே, பழைய காலத்து கண்டென்சர் ஒன்று கடலோர ஈரத்தில் ஊறி மெழுகு வழிந்து உட்கார்ந்திருந்தது. பொரிகிற சத்தம் அதனுடையது, கரண்ட் சட்டத்துக்குக் கசிந்ததும் அதன் வழியாகத்தான்.

அப்பா அந்தச் சத்தத்தைத்தான் தேடியிருக்கிறார். தேடுகிறவர்கள் எல்லோரும் செய்வதையே செய்திருக்கிறார், ஒவ்வோர் ஒயராகப் பிடுங்கிப் பார்த்திருக்கிறார். பெட்டியைத் திறக்கவில்லை. திறக்காதபோது பாக்கெட்டில் கை வைக்க யாருக்குத் தோன்றும்? ஒரு கையில் ஆம்ப்ளிஃபயரிலிருந்து வந்த ஒயரின் முனை, மறு கை ஒழுங்காக எர்த் செய்த எக்கோ பெட்டியின் மேல். நடுவில் நெஞ்சு.

மார்லீன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். அவன் திரும்பி வந்ததும் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட வேண்டும் என்றிருந்தது. முட்டாள், முட்டாள் என்று வாய்க்குள் திட்டினாள். ரப்பர் செருப்பு மட்டும் இல்லையென்றால் அவனும் இன்று காலை அவள் கண் முன்னாலேயே போயிருப்பான் என்று தோன்றியது. ஆத்திரம் அதோடு நின்றது.

அம்மா டோரிஸ் தேநீரோடு வந்தாள். தலையில் கறுப்பு லேஸ் முக்காடு, கண் வீங்கியிருந்தது. பிரிந்து கிடந்த பிளக்கைப் பார்த்தாள், ஆனால் அதில் பார்க்க எதுவும் இருப்பதாக அவளுக்குத் தெரியாது. கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டு, சத்தம் போச்சா என்று கேட்டாள். போய்விடும் என்றாள் மார்லீன்.

"அந்த இரைச்சல் மட்டும் திரும்ப வந்துடாம பாத்துக்கோ. இத்தன வருசமா என் தலையக் குடைஞ்ச இரைச்சல். உங்கப்பாவால ஆகல. லீனோகிட்ட சொன்னேன், மாதா மேல ஆணை, டீ ஆறுறதுக்குள்ள நிறுத்திட்டான்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"எதுக்குச் சொல்லணும்? என் பெட்டியத் தொட்டியான்னு குதிப்பாரு. தானா சரியாயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டாரு, பாவம்." அம்மா கிடாரின் மேல் விழுந்திருந்த கரிச்சருகை விரலால் ஒற்றி எடுத்தாள். "கடைசி மாசம் முழுக்க அடுப்படியிலேருந்து அவர் வாசிக்கிறதக் கேட்டேன். பாட்ட மட்டும் கேட்டேன். நல்ல பிள்ள பெத்தேன், மார்லி."

மார்லீன் தேநீரைக் குடித்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. லீனோவிடம் சொன்னாலும் அம்மாவிடம் சொன்ன மாதிரிதான், அவனுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. டாக்டர் இருதயம் என்றார். இருதயமாகவே இருக்கட்டும்.

அம்மா போனதும் வேலையைத் தொடங்கினாள். கண்டென்சரை வெட்டி எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டாள். பச்சை ஒயரின் முனையைச் சீவி, பழையபடி மூன்றாவது காலில் திருகினாள். சிவப்பு டேப்பைக் குப்பைக் கூடையில் செய்தித்தாளுக்கு அடியில் திணித்தாள். டெஸ்டரை வைத்தாள், எரியவில்லை. பொரியும் சத்தமும் நின்றது. எக்கோ பெட்டியை இணைத்துப் பார்த்தாள். உடனே அந்த வண்டு வந்துவிட்டது.

அதற்கும் வழி உண்டு, ஆனால் உட்கார்ந்து பார்க்க இப்போது நேரமில்லை. எக்கோ பெட்டி இல்லாவிட்டால் இரைச்சலும் இல்லை. லீனோ வந்ததும் ஒரு வால்வு போயிருந்தது, மாற்றிவிட்டேன் என்றாள். எக்கோ பெட்டி பழுதாகிவிட்டது, இங்கேயே கிடக்கட்டும் என்றும் சொன்னாள். அவன் கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எறும்பு போயிடுச்சு என்று சிரித்தான். அப்பா செத்த பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தாள்.

பூசையிலும் கல்லறையிலும் அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. டவுன்ஸ்வில்காரிக்கு நெஞ்சு கல் என்று அத்தைகள் பேசியிருப்பார்கள். சவப்பெட்டி இறங்கும்போது லீனோதான் விம்மி அழுதான். அவள் அவன் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

அம்மாவை மெதுவாக நடத்திக்கொண்டு ஹாலுக்குள் நுழையும்போதே மார்லீனுக்குக் கேட்டது. தாழ்ந்த, விடாத ரீங்காரம். மேடையில் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் எக்கோ பெட்டி இருந்தது. டிரம்ஸ் வாசிக்கும் டிரெவர் அதை ஷெட்டிலிருந்து தன் வண்டியில் தூக்கிவந்து இணைத்திருந்தார். எக்கோ இல்லாமல் வென்சுவின் சத்தம் எப்படி வரும், நல்லாத்தானே இருக்கு, யார் பழுதுன்னது என்று அவர் யாரிடமோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

லீனோ கிடாரை மாட்டிக்கொண்டு அசையாமல் நின்றான். அவன் பார்வை ஆம்ப்ளிஃபயருக்குப் போயிற்று, அங்கிருந்து ஒயரைத் தொடர்ந்து சுவரில் இருந்த பிளக்குக்குப் போயிற்று. பிறகு மார்லீனைத் தேடியது. அவள் மேடையருகே போனாள்.

"பிளக்கத் திறந்தியா?" குரல் அவளுக்கு மட்டும் கேட்டது.

"வால்வுதான்டா. வால்வு மாத்தினேன்."

"வால்வு மாத்தினா இது திரும்ப வராது, மார்லி."

சொல்ல வேண்டிய பொய் நாக்கின் நுனியில்தான் இருந்தது, ஆனால் அவன் கண்களைப் பார்த்துக்கொண்டு அதை எடுக்க முடியவில்லை. லீனோ தன் வலது கையைத் திருப்பி, காலையில் எறும்பு கடித்த விரல்களைப் பார்த்தான். டிரெவர் குச்சிகளைத் தட்டித் தாளம் கொடுத்தார். மேசைமேல் பஸ்டீசி பலகாரம் ஆறிக்கொண்டிருந்தது, வரிசையாகக் கோப்பைகள் காத்திருந்தன, ஹால் முழுவதும் அவனையே பார்த்தது.

அவன் வாசித்தான். அப்பாவின் பாட்டு, அப்பாவின் வேகம், ஒரு சுரம் தவறவில்லை. இடைவெளி விழுந்த இடத்திலெல்லாம் அந்த இரைச்சல் வந்து நிரப்பியது. பாட்டு முடிந்ததும் எல்லோரும் பெருமூச்சு விட்டு எழுந்தார்கள், கோப்பைகள் கலகலத்தன, யாரோ அவன் தோளைத் தட்டினார்கள். அவன் கிடாரைக் கழற்றி வைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயரை அணைக்காமல் அங்கேயே நின்றான்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"லீனோ, அந்த இரைச்சல நிறுத்துடா கண்ணு. தலை வலிக்குது."

"சரிம்மா" என்றான்.

அவன் ஆம்ப்ளிஃபயரின் முன்னால் குனிந்தான். இடது கையைக் கால்சட்டைப் பாக்கெட்டுக்குள் ஆழமாக விட்டுக்கொண்டான். பிறகு வலது கையின் ஒரு விரலால் சுவிட்சைத் தள்ளினான்.