தனிச் சாக்கு

"சங்கத்துல சுவை பார்க்கிறவர் ஒரு வாய் உறிஞ்சிட்டு, 'இது யாரோட காப்பி?'ன்னு கேட்டாரு, அக்கா. எனக்குக் கையெல்லாம் நடுங்கிடுச்சு."

"காப்பி குடிச்சா நடுங்கத்தான்டி செய்யும்," என்றாள் அக்கா, களத்தில் காயும் தன் காப்பிக் கொட்டைகளைக் கிளறியபடி.

கூட்டுறவுச் சங்கத்தில் எல்லார் கொட்டையும் ஒரே குவியலில்தான் கலக்கும். இந்த முறை சுவையில் முந்தியதால் தங்கையுடையது மட்டும் தனிச் சாக்கில், அவள் பெயரோடு கப்பலேறப் போகிறது. இருவர் தோட்டத்துக்கும் நாற்று ஒன்று, மழை ஒன்று. பழுத்ததை மட்டும் பறிக்கச் சொன்னதே அக்காதான். அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

மலை முகட்டில் மேகம் கறுத்தது. நனைந்தால் கொட்டை பூஞ்சை பிடித்து, பொதுக் குவியலுக்குக்கூட ஆகாது.

"அக்கா, சங்கத்துல என்னைப் போட்டோ எடுக்கக் கூப்பிடுறாங்க. மழை வந்தா பக்கத்துல காயுற என் கொட்டைக்கும் தார்ப்பாய் போட்டுடுறியா?"