பூங்காவுக்குள் ஒரு கிணறு

சுஹறாவின் வீட்டு வளவுக்குப் பின்னால்தான் படக்கொட்டகை. கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் யார் இருமினாலும் இந்தப் பக்கம் கேட்கும். புதுப்பெண்ணாவது, படம் பார்க்கப் போவதாவது என்று உம்மா பேச்சையே எடுக்க விடவில்லை. அதனால் ஒரு கிழமையாகத் தினமும் பின்னேரக் காட்சியை அடுப்படியில் இருந்தபடி காதால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏதோ ஒரு பட்டணத்துப் பூங்காவில் நடக்கும் கதை. சோடி சோடியாக வருகிறார்கள், கதைக்கிறார்கள், போகிறார்கள். குரலை வைத்தே அவள் ஆட்களைப் பிரித்துவிட்டாள். கச்சான் கடலைக்குச் சண்டை பிடிக்கும் சோடி ஒன்று. பாடும் சோடி ஒன்று. மூச்சு வாங்கி வாங்கிப் பேசும் வயதான சோடி. நாலாவது சோடியில் பெண்சாதி பொரிந்து தள்ளுவாள், புருசன் ‘ம்’ மட்டும் கொட்டுவான். முகம் ஒன்றும் தெரியாது.

பூங்கா என்றால் என்னவென்றும் தெரியாது. கொழும்புக்குப் போய் வந்த நஸீறா மச்சியைக் கேட்டாள். காய்க்காத மரங்களை நட்டு, கீழே ஆட்கள் இருக்க வாங்கு போட்டிருப்பார்கள், புருசனும் பெண்சாதியும் எல்லாருக்கும் முன்னால் அதில் குந்திக் கதைப்பார்கள் என்றாள் மச்சி.

“காய்க்காத மரத்துக்கு ஆரு மச்சி தண்ணி ஊத்துற?”

“கவுண்மேந்து ஊத்தும். ஒனக்கு எதுக்குகா அந்தக் கவல? வாங்கில குந்த ஒண்ட மாப்பிள்ள ஊட்ட நிண்டாத்தானே.”

பகிடிதான். ஆனால் சொன்னது உண்மை. ஊர் வழமைப்படி மசூர் பெண்வீட்டுக்குக் குடிவந்தவன். வரிப்பத்தான்சேனை ஊர்க்காரன். கலியாணம் முடிந்து இரண்டு மாதமாகவில்லை, விதைப்பு என்பான், வரம்பு என்பான், வயல் வாடிக் குடிசையே கதி என்று கிடப்பான். வந்தாலும் தின்றுவிட்டுப் பேசாமல் போய்விடுவான். வாப்பா பொறுத்துப் பார்த்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளி மரைக்காயரை வைத்து, இருக்கிறானா விடுகிறானா என்று கேட்டுவிடப் போகிறார். கேட்டால் வெட்டொன்று துண்டிரண்டு. அதற்கு முன் சுஹறாவுக்கு ஒன்று தெரிய வேண்டும்: தன்னை அவனுக்குப் பிடிக்கவில்லையா?

வியாழன் பின்னேரம் மசூர் வந்தான். முந்தின நாள் அவனைக் கொட்டகை வாசலில் கண்டதாக நஸீறா சொல்லியிருந்தாள். சோற்றை வைத்துவிட்டு வழமைபோல உள்ளே போகாமல், சுஹறா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் படத்தில் என்ன கதை என்று கேட்டாள். அவளுடைய குரலை அப்போதுதான் கேட்டவன்போல அவன் நிமிர்ந்து பார்த்தான்.

சொல்லத் தொடங்கினான். நன்றாகவே சொன்னான். கச்சான் சண்டைக்காரி மெலிந்தவள் என்றான். சுஹறா அவளைக் குண்டு என்று நினைத்திருந்தாள். பாடுகிறவனுக்கு முன்வழுக்கையாம். கிழவி கையில் எந்நேரமும் ஒரு குடையாம். ‘ம்’ கொட்டுகிறவன் பெண்சாதியின் வாயைப் பார்க்காமல் காகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பானாம். நாலு சோடிக்கும் முகம் வந்துவிட்டது.

“அதுக்கு மறுகா இன்னொரு சோடி,” என்றான் மசூர்.

அப்படி ஒரு சோடியை அவள் கேட்டதே இல்லை.

அந்தச் சோடி குந்தும் வாங்கு, பெண்ணின் வாப்பா செய்து போட்டதாம். அவன் வெளியூரானாம், ஓரத்தில்தான் குந்துவானாம். இருமினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களாம். கிணற்றடிக்குப் போனால் பெண்கள் எழும்பி ஓடுவார்களாம்.

“பூங்காக்குள்ள கிணறும் இரிக்கா?”

“ஓம்... அது பெரிய பூங்கா.”

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று சுஹறா கேட்டாள்.

“அவ கதைக்கிறல்ல. சோத்த வெச்சிட்டுப் போயிருவா. அவட விருப்பத்தக் கேக்காமக் கட்டி வெச்சிட்டாங்களோ எண்டு அவனுக்கு ஒரு யோசன.”

சுஹறா கதவு நிலையை விட்டு ஓரடி முன்னே வந்தாள்.

“அவளுக்கு விருப்பம்தான்,” என்றாள்.

“நீ படம் பாக்கல்லயே.”

“கேட்டிரிக்கன். எல்லாம் இஞ்ச கேக்கும். அதில நாலு சோடிதான்.”

மசூரின் கை சோற்றுப் பீங்கானில் அப்படியே நின்றது. முன்வாசலில் வாப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. மற்ற நாளென்றால் அந்தச் சத்தத்துக்கே அவன் கை கழுவியிருப்பான்.

“மறுகா அவன் எழும்பிப் போயிட்டானா?” என்று கேட்டாள். உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை.

மசூர் யோசித்தான்.

“இல்ல,” என்றான். பிறகு பீங்கானை அவள் பக்கம் நகர்த்தி, சோற்றுக்கு ஆணம் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னான். அந்த வீட்டில் அவன் வாய் திறந்து கேட்ட முதல் சாமான் அது.