குழாய் மட்டும் உங்களுக்கு

தேர்தல் முடிவு வந்த நாளிலிருந்து டைலரக்கா வீட்டு வாசலில் கார் நிற்காத நேரமே இல்லை. அதற்கு முன்னால் அந்தத் தெருவுக்குள் வந்த ஒரே பெரிய வண்டி தண்ணீர் லாரிதான். அதுவும் ஐந்து நாளைக்கு ஒரு தடவை, டிரைவருக்கு மனசு வந்தால்.

விஷயம் இதுதான். சபையில் நூற்றிருபது இடம். ஆட்சியில் உட்கார அறுபத்தொரு கை உயர்ந்தாக வேண்டும். பெரிய கட்சிக்கு நாற்பத்தொன்பது கை, அதன் இடுப்பில் ஏறி உட்கார்ந்திருந்த சின்னக் கட்சிக்குப் பதினொன்று. மிச்சம் தேவைப்பட்ட அந்த ஒற்றைக் கை டைலரக்காவுடையது. எந்தக் கட்சியும் இல்லாமல், "நம்ம குழாய்ல தண்ணி வர வைக்கிறேன்" என்ற ஒரே பேச்சைப் பேசி ஜெயித்த கை. அதுவரை ஜாக்கெட்டும் பள்ளிக்கூட யூனிஃபார்மும் தைத்துக்கொண்டிருந்த கை.

முதலில் வந்தவர் பசை. ஒட்டாத கட்சிகளை ஒட்டவைப்பதே பிழைப்பு என்பதால் அந்தப் பெயர். தையல் கடைக்குள் குனிந்து நுழைந்து, துணிப் பொட்டலங்களை நகர்த்திவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எந்தத் துறை வேணும்னு நீயே சொல்லு தங்கச்சி."

"குடிநீர்."

"குடுத்தாச்சு."

"எழுதித் தர்றீங்களாண்ணே?"

பசை புண்பட்ட மாதிரி நெஞ்சில் கை வைத்தார். "அண்ணன் தங்கச்சிக்குள்ள எழுத்து எதுக்கும்மா?"

அவளும் ஆதரவுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். அளவெடுக்காமல் துணியில் கத்திரி வைத்தது அவள் வாழ்க்கையில் அன்றைக்கு மட்டும்தான்.

குட்டு உடைந்தது போர்டுக்காரரால். தெருமுனையில் குடியிருக்கும் இந்த மனிதர்தான் அமைச்சர்களின் அறைக் கதவுகளுக்குப் பலகை எழுதுகிறவர். ஆட்சி மாறும்போதெல்லாம் ஒரு வழக்கம் உண்டு. மேடையில் எல்லோரும் முதலில் உறுதிமொழி எடுத்துவிடுவார்கள். யாருக்கு எந்தத் துறை என்பதைச் சாயங்காலம்தான் சொல்வார்கள். ஏற்கெனவே அமைச்சர் ஆகிவிட்டவன் கோபித்துக்கொண்டு எங்கே போவான்? ஆனால் பெயின்ட் காய இரண்டு நாள் ஆகும் என்பதை எந்தத் தலைவராலும் மாற்ற முடியாது. அதனால் ஊருக்கெல்லாம் ரகசியமான பட்டியல், பதவியேற்புக்கு இரண்டு நாள் முன்னாடியே போர்டுக்காரர் வீட்டு மாடிப்படியில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும்.

கிழிந்த பாக்கெட்டைத் தைக்க வந்தவர், கடையில் வேறு யாரும் இல்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டார்.

"டைலரக்கா, நான் சொன்னேன்னு சொல்லக்கூடாது. ஒரு எட்டு வந்து மாடிப்படியப் பாத்துட்டுப் போங்க."

படிக்கு ஒன்றாகப் பதினெட்டுப் பலகைகள். சட்டப்படி பதினெட்டு அமைச்சர்தான், ஆனால் உருப்படியான துறைகள் பதினொன்றைத் தாண்டாது. எனவே வெட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தைப் பாடம் என்றும் கட்டடம் என்றும். சாலையைச் சாலை என்றும் சாலையோரம் என்றும். பலகையின் பின்னால் யாருக்கு என்று பென்சிலில் குறிப்பு. ‘நீர் ஆதாரம்’ சின்னக் கட்சித் தலைவரின் மைத்துனருக்கு. ‘நீரேற்றம்’ பெரிய கட்சியில் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்த ஒரு டாக்டருக்கு. ஒன்பதாவது படியில் நீல எழுத்தில் ‘குழாய்கள் மற்றும் இணைப்புகள்’. பின்னால் ‘டைலர்’.

"அப்ப தண்ணி?" என்றாள்.

"தண்ணி உங்களுக்கு இல்லக்கா. குழாய் மட்டும் உங்களுக்கு."

வீட்டில் நாத்தனார் அதற்குள் கொடி வைத்த காரில் தான் எந்தப் பக்கம் உட்காருவது என்பது வரைக்கும் முடிவு செய்து வைத்திருந்தாள். சேதியைக் கேட்டும் அசரவில்லை.

"எந்தத் துறையா இருந்தா என்ன அண்ணி? அமைச்சர் அமைச்சர்தானே? உங்களுக்கு வேணாம்னா விடுங்க, என் பொண்ணு கல்யாணம் முடியற வரைக்குமாவது இருங்க!"

டைலரக்காவின் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். சாப்பிட்ட கையோடு நிதானமாகச் சொன்னார். "டிரைவர் சடார்னு பிரேக் போடுவான். விழுந்தவன் எழுந்து யாரைத் திட்டுவான்? என்னைத்தான். ஏன்னா நான்தான் கைக்கு எட்டுற தூரத்துல நிக்கிறேன். அந்த வேலையத்தான் உனக்குக் குடுக்கறாங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீர் வந்தால் மைத்துனர் படம் சுவரில். வராவிட்டால் காலிக் குடங்களெல்லாம் அவள் வாசலில். இருபது வருஷம் குடம் தூக்கிய அவளையே குடத்துக்கு எதிரே நிறுத்தப் பார்க்கிறார்கள். துறையை மட்டுமா வெட்டினார்கள்? அவள் சொன்ன வாக்கையும் சேர்த்தல்லவா வெட்டினார்கள்!

பதவியேற்பு அன்று முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள், தானே தைத்த புது உடுப்பில். பதினேழு பேர் ஏறி இறங்கினார்கள். அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மறுபடி கூப்பிட்டார்கள். மூன்றாம் தடவை மைக்கே கொஞ்சம் கெஞ்சியது. பசை குனிந்தபடியே ஓடிவந்தார்.

"எந்திரி தங்கச்சி, மானம் போகுது!"

"யாரு மானம்ணே?"

"துறையப் பத்திச் சாயங்காலம் பேசிக்கலாம்மா."

"முந்தாநாளே பலகைல படிச்சுட்டேன். மேடைக்கு வேற ஆளப் பாருங்க. அமைச்சரானா நீங்க தூக்கச் சொல்றப்ப கை தூக்கணும். இப்ப என் கை என்கிட்ட இருக்கு."

பசைக்கு வியர்த்தது. அவள் கொடுத்த கடிதத்தைக் காட்டிப் பதவியேற்றாயிற்று, சரி. ஆனால் பத்து நாளில் சபையில் அறுபத்தொரு கை தூக்கிக் காட்ட வேண்டும். அதை நினைத்தால் பசைக்குக் குழம்பில் உப்பு தெரியாது, தலையணையில் தூக்கம் தெரியாது.

ஒன்பதாம் நாள் காலை, தெருவே ஜன்னலுக்கு வந்துவிட்டது. ஆதாரம், நீரேற்றம், அவளுக்குப் பதிலாகக் குழாயை வாங்கிக்கொண்ட மூன்றாமவர், மூன்று பேரும் அவளைச் சமாதானப்படுத்த வந்து, தையல் கடைப் பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டைலரக்கா ஒரு யூனிஃபார்முக்குப் பட்டன் தைத்தபடியே கேட்டாள்.

"எங்க பகுதிக்குப் பம்பு வைக்கிற கோப்பு ஆறு வருஷமா கிடக்கு. யாரு கையெழுத்துப் போடணும்?"

"பம்புன்னா நீரேற்றம்" என்றார் மைத்துனர்.

"கிணறு இல்லாம பம்ப எங்க வைக்கிறது? ஆதாரம்தான் முதல்ல போடணும்" என்றார் டாக்டர்.

"எனக்கு இன்னும் நாற்காலியே வரலைங்க" என்றார் குழாய்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"ஒரே சட்டை. கை ஒருத்தர், காலர் ஒருத்தர், பட்டன் ஒருத்தர். தைச்சுக்கிட்டே இருங்க. போடவேண்டியவன் வெத்து உடம்போட நிக்கிறான். எந்திரிங்க, பெஞ்சு கஸ்டமருக்கு."

ஜன்னலோரம் யாரோ கை தட்டினார்கள். நாத்தனார்தான் என்று சொல்கிறார்கள். அவள் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

மத்தியானம் முதல்வரே போனில் வந்தார். "என்னதாம்மா வேணும் உனக்கு? குடிநீரையே எடுத்துக்க."

பசித்தவன் முன்னால் நீட்டிய தட்டு மாதிரிதான் இருந்தது. ஆனால் கொடுக்கிற கை நாளைக்குச் சாயங்காலமே பிடுங்கும் என்பதும் தெரிந்துவிட்டிருந்தது.

"எனக்கு வேணாங்க. மூணு பலகையையும் ஒண்ணா எழுதச் சொல்லுங்க. ஒரே துறை, ஒரே ஆளு. உங்க மச்சானோ, அவங்க மச்சானோ, யாரு பேரு வேணாலும் இருக்கட்டும். தண்ணி வரலைன்னா யாரைத் திட்டணும்னு எங்க தெருவுக்குத் தெரியணும். பம்புக் கோப்புல அந்த ஆளு கையெழுத்தப் போட்டுட்டு அப்புறம் சபைக்கு வாங்க. நானும் வர்றேன்."

மறுநாள் காலை கோப்பின் நகல் கைக்கு வந்தது. அதையும் நம்பாமல் மாடிப்படிக்குப் போனாள். ஒரே பலகை, நீல எழுத்தில் ‘குடிநீர்’. விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அய்யோ அக்கா, காயலை!" என்று கத்தினார் போர்டுக்காரர்.

"தெரியுது. அதனாலதான் தொட்டேன்."

சபையில் அறுபத்தொன்றாவதாக உயர்ந்த கையில் ஒரு விரல் நீலமாக இருந்தது. "இந்தத் தடவைக்கு மட்டும்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் தூக்கினாள்.

பம்பு வேலை நடக்கிறது. தண்ணீர் இன்னும் வரவில்லை. வராத நாளெல்லாம் தெரு முழுக்க ஒரே ஆளைப் பெயர் சொல்லித் திட்டுகிறது. அது அவர் காதுக்கும் போகிறது. வேண்டாமென்று கழித்த ‘குழாய்கள் மற்றும் இணைப்புகள்’ பலகை டைலரக்கா வீட்டுத் தண்ணீர் டிரம்முக்கு மூடியாகிவிட்டது. எழுத்து மேலே தெரியும்படிதான் வைத்திருக்கிறாள். சபையில் அடுத்த ஓட்டுக்குக் கை கேட்டுப் பசை வரும்போதெல்லாம், குடிக்கத் தண்ணீர் கேட்டால், அதைத் திறந்துதான் மொண்டு கொடுக்கிறாள்.